கவிதை எல்லோருக்கும் என்றால் அருவியும் எல்லோருக்கும்தான்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் 1920களில் ஒரு வக்கீல் வீட்டு முற்றத்தில் ஞாயிறு மாலைகளில் ஆட்கள் கூடினார்கள். தலைவர் கிடையாது, தீர்மானம் கிடையாது, சந்தா கிடையாது. வீட்டுக்காரர் ஒரு பாட்டை எடுப்பார். கம்பராமாயணத்தில் ஒன்றாக இருக்கும், முத்தொள்ளாயிரத்தில் ஒன்றாக இருக்கும், யாரோ பெயர் தெரியாத புலவரின் தனிப்பாடலாகவும் இருக்கும். நிறுத்தி நிதானமாகச் சொல்வார்; மறுபடி சொல்வார்; இன்னொரு தடவையும் சொல்வார். அகராதியைத் தொடாமலே கேட்பவருக்குப் பாட்டு பிடிபட்டுவிடும். அந்த வீட்டின் தொட்டிக்கட்டு வட்டமாக இருந்ததால் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர் நிலைத்தது. வீட்டுக்காரர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்.

1882-இல் பிறந்த டி.கே.சி.யின் குடும்பம் தென்காசியைச் சேர்ந்தது. சட்டம் படித்தார், சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் இருந்தார், 1930 முதல் சில ஆண்டுகள் இந்து அறநிலைய ஆணையராகப் பணியாற்றினார். பின்னர் குற்றாலத்தில் குடியேறி 1954-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். சாரல் காலத்தில் அவர் வீட்டுக்கு ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். எழுதிப் பழகிக்கொண்டிருந்த இளைஞர்களும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் சாப்பாடு, பிறகு கம்பன். அந்த வீட்டு உபசரிப்பைப் பற்றி அவருடைய நண்பர்கள் எழுதியதை மட்டும் தொகுத்தாலே தனிப் புத்தகமாகிவிடும்.

மனிதநேயம் என்றதும் நமக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சி நினைவுக்கு வருகிறது. 1345-இல் பெட்ரார்க் வெரோனா நகரத்து நூலகம் ஒன்றில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போனவருக்கு, பக்கத்து ஊர் நண்பருக்கு எழுதுவதுபோலப் பதில் கடிதம் எழுதினார். பழைய நூலைப் பூசை அறையிலிருந்து எடுத்து உரையாடலுக்குக் கொண்டுவந்த செயல் அது. குற்றாலத்தில் நடந்ததும் அதற்கு உறவுள்ள காரியம்தான். டி.கே.சி. கம்பனோடு பேசினார், சண்டைகூடப் போட்டார். நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களும் பின்னாளில் நூலாகி, தமிழ்க் கடித இலக்கியத்தில் தனியிடம் பெற்றன.

அவர் காலத்தில் பாட்டு பண்டிதர்களின் சொத்தாக இருந்தது. பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, மேற்கோள் என்று நான்கு மதில்களைத் தாண்டித்தான் ஒருவர் பாட்டின் அருகே போக முடியும். அந்த மதில்களை இடித்தவர் டி.கே.சி. உருவம், பாவம், தாளம் மூன்றும் கூடினால் அது கவி. அதை உணர இதயமும் காதும் போதும் என்பது அவர் நிலை. தேர்வு எழுதாதவர், இலக்கணம் படிக்காதவர், எழுத்தே தெரியாதவர்கூட உயர்ந்த கவிதைக்கு உரிமை உள்ளவர் என்பதே அதன் பொருள். மனிதர்மேல் அவ்வளவு நம்பிக்கை வைப்பது லேசான காரியம் அல்ல. நம்முடைய பள்ளிக்கூடங்கள் இன்றும் அந்த நம்பிக்கையை வைக்கவில்லை. செய்யுளை மனப்பாடப் பகுதியாகவும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் நறுக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தமிழ்மேல் பிடிப்பில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

இசையிலும் அவர் இதே நியாயத்தைத்தான் பேசினார். கச்சேரியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டின் சொல் புரிய வேண்டும், புரிந்தால்தான் பாவம் நெஞ்சைத் தொடும் என்றார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானதை ஒட்டி எழுந்த பெரிய விவாதத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், கல்கி ஆகியோரோடு டி.கே.சி.யும் ஒரே அணியில் நின்றார். எதிரணியில் இருந்தவர்கள் இதை மொழிவெறி என்றார்கள். கேட்பவனை மதிக்க வேண்டும் என்ற கோரிக்கையாகவே அதைப் பார்ப்பது சரி.

அவர் தவறியது பதிப்பில். கம்பராமாயணத்தில் தம் காதுக்கு ஒட்டாத பாடல்களையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையே திருத்தினார். 1440-இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர், திருச்சபை கொண்டாடிவந்த ‘கான்ஸ்டன்டைன் நன்கொடை’ ஆவணம் போலி என்று நிறுவினார். அதிலிருந்த லத்தீன் கான்ஸ்டன்டைன் காலத்து லத்தீன் அல்ல என்பதைச் சொல் சொல்லாகக் காட்டித்தான் அவர் அதைச் செய்தார். ரசனை அங்கே சாட்சியோடு வந்தது. டி.கே.சி.யிடம் ரசனையே சாட்சியாகவும் தீர்ப்பாகவும் ஆகிவிட்டது. ஏட்டோடு ஏடு ஒப்பிட்டு, பாடபேதங்களை விடாமல் குறித்து, வாழ்நாள் முழுதும் உழைத்த உ.வே.சாமிநாதையரின் வழிதான் இந்த விஷயத்தில் சரியான வழி. அந்த உ.வே.சா.வை மாணவப் பருவத்தில் ஆதரித்து வளர்த்த திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கும் மேலகரத்துக்காரர். ஆக, ரசனையின் வழியும் ஆராய்ச்சியின் வழியும் இந்த ஆறேழு கிலோமீட்டர் சாலைக்கு உறவுடையவைதான்.

வட்டத்தொட்டியின் உண்மையான பலன் அங்கே வந்துபோனவர்கள் பிறகு செய்த வேலையில் தெரிகிறது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசு அதிகாரி. கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் திரட்டி 1951-இல் தஞ்சாவூர்க் கலைக்கூடம் உருவாக முன்னின்றார். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதி, கோயிலைக் கலைக் கண்ணோடு பார்க்கப் பொது வாசகர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் தம்பி தொ.மு.சி. ரகுநாதன் வேறு பாதையில் போய், கைத்தறி நெசவாளர் வாழ்வைப் ‘பஞ்சும் பசியும்’ நாவலாக்கினார். கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழுக்குத் தந்தார். அண்ணன் வழியும் தம்பி வழியும் அரசியலில் சேராதவை. சாதாரண மனிதனை நோக்கித் திரும்பியதில் இரண்டும் ஒன்று.

இடைசெவல் கிராமத்திலிருந்து வந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விவசாயி. வாய்மொழித் தமிழை இலக்கியத் தமிழுக்குக் குறைந்ததாக நினைக்காத டி.கே.சி.யின் நட்பு அவருக்கும் கு. அழகிரிசாமிக்கும் கிடைத்தது. பின்னாளில் கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டித் தனி அகராதியே கொண்டுவந்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. பட்டம் இல்லாத ஒருவர் பல்கலைக்கழக இருக்கையில் உட்கார்ந்து நாட்டார் கதைகளைச் சேகரித்தார் என்பதைக் கல்வித் துறையினர் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லோரையும்விட இந்த விவாதத்துக்கு முக்கியமானவர் நீதிபதி எஸ். மகராஜன். ஷேக்ஸ்பியரைத் தமிழில் பெயர்த்தார். சாகித்திய அகாதெமிக்காகக் கம்பரைப் பற்றியும் திருவள்ளுவரைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். அவரைத் தலைவராகக் கொண்டு தமிழ்நாடு அரசு அமைத்த குழு, தகுந்த ஆகமப் பயிற்சி அளித்து எல்லாச் சாதியினரையும் அர்ச்சகராக்கலாம் என்று 1982-இல் பரிந்துரைத்தது. 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டத் திருத்தம் வந்திருந்தது. 1972-இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது முடங்கிப்போயிருந்தது. 2006-இல் அரசு ஆணை வந்தது, பயிற்சிப் பள்ளிகள் திறந்தன, 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்களுக்குப் பணி ஆணை தரப்பட்டது. இந்த நீண்ட வழியில் மகராஜன் குழுவின் அறிக்கை முக்கியமான ஒரு கட்டம். கம்பன் பாட்டைக் கேட்கச் சாதி தேவையில்லை என்று பழகிய மனம், கருவறையில் நிற்கவும் சாதி தேவையில்லை என்று எழுதியது. கலை ரசனைக்கும் சமூக மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆனால் எல்லா நேரத்திலும் அப்படி நடந்துவிடவில்லை. பாட்டில் சொல்லியதைச் சமூகம் செய்யாமல் விட்ட கதைதான் இந்த மண்ணில் அதிகம்.

தென்காசியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அதிவீரராம பாண்டியர் அரசரும் புலவருமாக இருந்தவர். நைடதம் பாடியவர். சிறுவர்களுக்காக அவர் எழுதிய ‘வெற்றி வேற்கை’, பிச்சை எடுத்தாவது படி என்கிறது. எந்தக் குடியில் பிறந்தவராயினும் கற்றவரை மேலே வா என்று அழைப்பார்கள் என்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பல தலைமுறைப் பிள்ளைகள் அதை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அதே ஊர்களில், அந்தத் திண்ணையில் ஏற முடியாத பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு தப்பில்லை; அது திண்ணையோடு நின்றுவிட்டது.

இதைவிடக் கொடுமையானது குறவஞ்சியின் கதை. 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் பட்டத்து ராணியோ படைத் தலைவனோ முக்கியமில்லை. வீதியில் பந்தாடும் வசந்தவல்லி, மலைவளம் சொல்லும் குறத்தி, பறவை பிடிக்க வரும் சிங்கன், அவன் தோழன் நூவன் ஆகியோர்தான் முக்கியம். மலையைப் பற்றி நாட்டுக்காரர்களுக்குப் பாடம் சொல்பவள் குறத்தி. பறவைகளின் பெயர்களும் வயல்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. இந்தப் பகுதியின் நிலவரைபடமே அதில் இருக்கிறது. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாகக் கொடுத்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர். 1944-இல் ருக்மிணி தேவி அருண்டேலின் கலாக்ஷேத்ரா அதை நாட்டிய நாடகமாக்கி மேடையேற்றியது.

அந்த 1944-இல், மதராஸ் மாகாணத்தில் குறவர் சமூகத்தின் பல பிரிவினர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் இருந்தார்கள். ‘ரேகைச் சட்டம்’ என்று மக்கள் சொன்ன சட்டம் அது. அதில் பதிவானவர்கள் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிறந்த ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி என்று அரசு பதிந்துவைத்தது. மேடையில் குறத்தி குறி சொல்ல, சபையோர் கைதட்ட, வெளியே உண்மையான குறத்தி காவலருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதராஸ் மாகாணம் 1947-இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952-இல் நீங்கியது. நாடகத்தை மேடையேற்றியவர்கள் சட்டம் இயற்றியவர்கள் அல்ல. அவர்களைப் பழிக்க ஒன்றுமில்லை. கலை ஒரு மனிதரை எவ்வளவு அழகாகக் காட்டினாலும், அவருடைய அன்றாட வாழ்க்கையைக் கேட்க இன்னொரு முயற்சி வேண்டியிருக்கிறது. அந்த முயற்சியைச் செய்ய இங்கே ஆட்கள் குறைவாக இருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

அருவியும் இதற்கு விலக்கல்ல. 1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த காந்தி, குற்றாலத்துக்கும் வந்தார். எல்லோரும் போய்க் குளிக்க முடியாத அருவியில் தாம் குளிப்பதில்லை என்று மறுத்துத் திரும்பிவிட்டார் என்று இவ்வட்டாரத்தில் தலைமுறை தாண்டிச் சொல்கிறார்கள். அருவியும் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் இடம் அது. கோயிலுக்குள் விடாதவர்களை அருவிக்கும் விடாமல் செய்வது எளிதாக இருந்தது. மலையிலிருந்து தானாக விழும் தண்ணீருக்கும் மனிதன் வேலி போட்டான். 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களோடு நுழைந்த பிறகும், ராஜாஜி அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த பிறகும்தான் தமிழ்நாட்டுப் பெரிய கோயில்களின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாரதி 1918-லிருந்து 1920 வரை, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் இருந்தார்; அக்கிரகாரம் அவரை ஒதுக்கிவைத்தது. சாதிக்கு எதிராக அத்தனை பாடியவருக்கே அந்த நிலை.

இவ்வளவையும் சொல்வது பழியை எண்ணிக்கொண்டிருக்க அல்ல. 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டம், பெயர்ப் பலகையும் ஆட்சியர் அலுவலகமும் மட்டும் அல்லாமல் தனக்கென ஒரு மனமும் தேடிக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கிறது. அதற்கான சரக்கு இங்கேயே கிடக்கிறது. தென்காசி கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியர் 15-ஆம் நூற்றாண்டில் கல்லில் பொறித்துவைத்த பாடல்கள் கோபுரத்தில் இருக்கின்றன. இந்தக் கோயிலில் பின்னாளில் பழுது ஏற்பட்டால் அதைச் சரிசெய்பவர் யாராயினும் அவர் காலில் நான் விழுகிறேன் என்று அரசர் சொல்லியிருக்கிறார். இன்னும் பிறக்காத ஒரு கொத்தனார் முன்னால் மன்னர் வணங்கி நிற்கிறார். அந்தக் கோபுரம் சிதைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் மொட்டையாக நின்றது, பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று திருப்பணி நடத்த, 1990-இல் ஒன்பது நிலையோடு சுமார் 180 அடியில் மீண்டும் எழுந்தது. அதைக் கட்டிய கைகளைத்தான் பாண்டியர் முன்பே வணங்கியிருந்தார்.

இன்றைய தென்காசியில் அந்தப் பாடலுக்கு மிக அருகில் நிற்கும் நிறுவனம் எது என்று கேட்டால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் என்றே சொல்ல வேண்டும். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரில் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த விமானப் படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். பள்ளி, மறுவாழ்வு, தொழிற்பயிற்சி, கிராமம் கிராமமாகச் சென்று குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிவது என்று அது விரிந்தது. 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒருவரால் என்ன முடியாது என்பதை விட்டுவிட்டு என்ன முடியும் என்று தேடிப் பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். படிக்காதவர் காதிலும் கவிதை ஏறும் என்று டி.கே.சி. வைத்த நம்பிக்கைக்கும் இதற்கும் வேர் ஒன்றே.

ஒவ்வொரு சாரல் காலத்திலும் குற்றாலத்தில் அரசு சாரல் விழா நடத்துகிறது. அதில் கலை நிகழ்ச்சிகள் இருக்கின்றன, போட்டிகள் இருக்கின்றன. அதோடு ஒரு வட்டத்தொட்டியும் நடக்கட்டும். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பேச்சாளர் பட்டியல் வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம், ஒரு பாட்டு, அதை நன்றாகச் சொல்லத் தெரிந்த ஒருவர், சுற்றி யார் வேண்டுமானாலும். பீடி சுற்றும் பெண்கள் வரட்டும், அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரட்டும், அருவியில் குளிக்க வந்த வெளியூர்க்காரர் ஈரத் துண்டோடு உட்காரட்டும். குறவஞ்சியை நடத்தும் நாளில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த படித்த இளைஞர்களை அழைத்து அவர்களே அதைப் பற்றிப் பேசட்டும். மாவட்ட நூலகத் துறை நினைத்தால் இதை மாதம் ஒரு முறை கிளை நூலகங்களிலும் நடத்த முடியும். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குற்றாலத்தின் சித்திர சபையில் இறைவன் சித்திரமாகவே வழிபடப்படுகிறார். அங்குள்ள சுவரோவியங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்க ஒருவரை நியமிப்பதும் கல்வித் துறைக்கு எட்டாத காரியம் அல்ல.

அருவிக்கரை வேலையும் இதோடு சேர்ந்ததுதான். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்காமல் தண்ணீர் விழும் இடம்வரை போவதற்குச் சாய்தளமும், வழுக்காத தரையும், பிடிமானக் கம்பியும், தனி நேரமும் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லோருக்கும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே இது கருணை மனு அல்ல. இந்த வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஆய்க்குடியில் இருக்கிறார்கள். அடுத்த சாரல் தொடங்குவதற்குள் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் அவர்களை அழைத்து, மூன்று அருவிகளையும் அவர்களோடு நேரில் பார்த்து, வேலைக்கு மதிப்பீடு தயாரிக்க வேண்டும்.